தெர்மாகோல் பங்களா

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படிப்பவர்களிடம் கருத்துக் கேட்பதைப் போலச் சுலபமான வேலை உலகத்தில் கிடையாது. எந்தப் பதிலைச் சொன்னால் நல்ல பேர் கிடைக்கும் என்று வாசனையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். மும்பையில் செம்பூரில் இருக்கும் அந்தக் கல்லூரிக்கு, எம்.எட். படிக்கும் பிரேமலதா ஒரு கட்டுத் தாளோடு வந்தாள். சூரிய ஒளி, காற்று போன்ற புதுப்பிக்கத்தக்க ஆற்றல்களைப் பற்றி வருங்கால ஆசிரியர்களின் மனப்பான்மை என்ன என்று ஆராயப்போவதாகச் சொன்னாள். வகுப்பு மொத்தமும் பேனாவைத் திறந்து, கேள்வியைப் படிப்பதற்கு முன்பே 'முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்' என்ற கட்டத்தைத் தேட ஆரம்பித்தது. முத்துமாரியும் அப்படித்தான். சூரிய மின்சாரம் எல்லா வீடுகளுக்கும் ஏற்றது, ஆமாம். அதை மாணவர்களுக்கு என்னால் நம்பிக்கையோடு கற்பிக்க முடியும், ஆமாம், ஆமாம்.

மனசுக்குள் அவள் ஒன்றைக்கூட ஒப்புக்கொள்ளவில்லை. தாராவியில் அவள் வீடு இருக்கும் சந்தில் பட்டப்பகலிலும் டியூப்லைட் எரியவேண்டும். இரண்டு பக்கமும் மேலே மேலே கட்டி, நடுவில் மிஞ்சிய இடைவெளியையும் நீலத் தார்ப்பாய் போட்டு மூடியாகிவிட்டது. மும்பை முழுக்கச் சுற்றுகிற சூரியனுக்கு அந்தச் சந்துக்கு மட்டும் இன்னும் வழி தெரியாது. தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வரும்போது, கூடப் படிக்கும் ஜாக்குலின் தாங்கள் குடியிருக்கும் சான்பாடா அடுக்குமாடிச் சொசைட்டியின் கதையை ஆசை ஆசையாய்ச் சொல்லிக்கொண்டு வந்தாள். மாடியில் சோலார் தகடு போட்டதிலிருந்து லிஃப்டும் படிக்கட்டு விளக்கும் அதிலேயே ஓடுகின்றனவாம். முத்துமாரிக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"உங்களுக்கு மாடி இருக்கு, நீங்க போடுதிய. எங்களுக்கு மாடிங்கறதே அடுத்த ஆளு வீடுட்டி," என்றாள்.

ஜாக்குலினுக்கு முகம் சுண்டிப்போனது. அதன்பிறகு இருவருக்கும் இடையில் பேச்சு, வணக்கம் சொல்லும் அளவில் நின்றது.

அந்த அடுத்த ஆள் மதீனா பீவி. கீழே முத்துமாரியும் அவள் அம்மா முப்பிடாதியம்மாளும் இருக்க, இரும்பு ஏணி ஏறிப் போனால் மேலே மதீனா பீவியின் வீடு. சந்தில் உள்ள எல்லோருக்கும் அவள் சாச்சி, சின்னம்மா முறை. முப்பிடாதியம்மாள் விடியுமுன் இட்லி அவித்து மாஹிம் பக்கத்துத் தெருக்களில் விற்றுவிட்டு வருகிறவள். வந்ததும் இட்லித் துணிகளை அலசி மேலே கொடுப்பாள். சாச்சி அவற்றைத் தன் தகரக் கூரைமேல் விரித்துப் போட்டு, காய்ந்ததும் மேலிருந்து குரல் கொடுப்பாள். "டீச்சரே, துணி காஞ்சிட்டு."

டீச்சர் என்றால் முத்துமாரி. அவள் பி.எட். சேர்ந்த அன்றைக்கே, இட்லி கொடுத்த வீட்டுக்கெல்லாம் முப்பிடாதியம்மாள் 'எம் பொண்ணு டீச்சரு' என்று சொல்லி முடித்துவிட்டாள். படிக்கத்தான் சேர்ந்திருக்கிறாள், இன்னும் ஆகவில்லை என்பதையெல்லாம் யார் கேட்டார்கள். சந்து முழுக்க அதுவே பேராகிப்போனது. முதல் வருஷம் அந்தப் பேர் இனித்தது. இரண்டாம் வருஷம் பள்ளிக்குப் போய்ப் பாடம் எடுக்கும் பயிற்சி ஆரம்பித்ததும் குத்தத் தொடங்கியது.

குத்தாமல் என்ன செய்யும். தாராவியிலேயே ஒரு மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில், ஏழாம் வகுப்புக்கு அவள் எடுத்த முதல் பாடம் படு சொதப்பல். கையில் ஒரு படமோ மாதிரியோ இல்லாமல் வாயாலேயே சமாளித்துவிடலாம் என்று போய் நின்றாள். பிள்ளைகள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தங்கள் கதையைப் பேச ஆரம்பித்துவிட்டன. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்த கல்லூரிப் பேராசிரியை கோமளா மேடம், 'மறுபாடம்' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். அந்த மறுபாடமும் போனால் பயிற்சி முடிந்ததாக ஆகாது. ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்துவிட்டு, அடுத்த பேட்ச்சோடு மறுபடி வந்து நிற்கவேண்டும்.

இதை அவள் அம்மாவிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது. சாச்சி மேலிருந்து டீச்சரே என்று கூப்பிட்டால் காதில் விழாததுபோல் இருந்துகொள்வாள். இட்லிக் கூடையைச் சுமந்து ஓய்ந்த அம்மாதான் ஏணி ஏறிப் போய்த் துணியை வாங்கி வருவாள்.

மறுபாடத்துக்கு அவளுக்கு வந்து வாய்த்த தலைப்பு, புதுப்பிக்கத்தக்க ஆற்றல். இந்த முறை வெறுங்கையோடு போகப்போவதில்லை. பங்களா இருக்கிறதே.

பங்களா என்பது கல்லூரியில் பல பேட்ச்சுகளாகக் கைமாறி வரும் ஒரு தெர்மாகோல் வீடு. எந்தக் காலத்தில் யார் செய்தது என்று யாருக்கும் தெரியாது. கூரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சோலார் தகடு, வாசலில் குச்சியில் செருகிய ஒரு பிளாஸ்டிக் காற்றாடி. தகட்டை சன்னல் பக்கம் திருப்பினால் காற்றாடி சுற்றும், பிள்ளைகள் ஆவென்று வாயைப் பிளக்கும், மேடம் தலையாட்டுவார். ஒரு பேட்ச் அடுத்த பேட்ச்சுக்கு அதைக் கொடுக்கும்போது ஒரு ரகசியத்தையும் சேர்த்துக் காதில் ஓதிவிட்டுத்தான் கொடுக்கும். பங்களாவின் வயிற்றுக்குள் ஒரு பேட்டரி செல் இருக்கிறது. அடிப்பக்கம் ஒரு சின்ன ஸ்விட்ச். சன்னல் பக்கம் திருப்பும்போது விரலால் அதைத் தட்டிவிட வேண்டும், அவ்வளவுதான்.

இருட்டு வகுப்பறையில் மேடம் முன்னால் காற்றாடி சுற்றாமல் போனால் யார் பொறுப்பு என்று யோசித்த ஏதோ ஒரு புண்ணியவான் செய்த ஏற்பாடு. சூரிய சக்தியைப் பற்றி இத்தனை பேர் பாடம் எடுத்திருக்கிறார்கள். அத்தனை பேரும் 'முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்' என்று டிக் போடக்கூடியவர்கள்தான். அத்தனை பேரும் நம்பியது அந்தச் செல்லைத்தான். முத்துமாரிக்கு அதில் உறுத்தலே இல்லை. பாடமே நமக்குச் சம்பந்தமில்லாத பாடம், அதில் ஒரு செல் இருந்தால் என்ன என்று நினைத்துக்கொண்டாள்.

அக்டோபர் மாதம். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. வகுப்பறைக்குள் இரண்டு டியூப்லைட். கோமளா மேடம் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். மாட்டுங்காவிலிருந்து வருகிறவர், கஞ்சி போட்ட புடவை, அதிகம் பேசமாட்டார். அவருக்குப் பக்கத்தில் குறிப்பெழுத ஜாக்குலின். ஒருவர் பாடம் எடுக்கும்போது கூடப் படிக்கும் ஒருவர் உட்கார்ந்து குறிப்பெழுத வேண்டும் என்பது விதி. குறிப்பெழுதுகிறவர் எழுந்து வரவோ உதவி செய்யவோ கூடாது. செய்தால் இரண்டு பேர் மதிப்பெண்ணும் போய்விடும். இவள் வந்து உட்காரவா இன்றைக்கு முறை வரவேண்டும் என்று முத்துமாரிக்கு எரிச்சலாக இருந்தது.

பாடம் என்னவோ அருமையாகத்தான் ஆரம்பித்தது. பங்களாவை மேஜைமேல் வைத்ததுமே வகுப்பு அடங்கிவிட்டது. சன்னல் பக்கம் திருப்பினாள், விரல் ஸ்விட்சைத் தட்டியது, காற்றாடி சுற்றியது. பிள்ளைகள் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கே ஒரு தெம்பு வந்தது. அந்தத் தெம்பில்தான், பாடத்திட்டத்தில் எழுதி வைத்திருந்த அடுத்த வித்தைக்குப் போனாள். ஒரு பிள்ளை வந்து தகட்டைக் கையால் மூடவேண்டும், காற்றாடி நிற்கவேண்டும். மூடும் நேரம் பார்த்து ஸ்விட்சை அணைத்தால் போதும். முன் பெஞ்சில் இருந்த மர்யமைக் கூப்பிட்டாள்.

மர்யம் எதையும் பொறுப்பாகச் செய்கிற பெண். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்து, இரண்டு உள்ளங்கையாலும் தகட்டைப் பொத்தினாள். முத்துமாரி அடிப்பக்கம் விரலை விட்டு ஸ்விட்சைத் தள்ளினாள். அது நகரவில்லை. இன்னும் அழுத்தித் தள்ளினாள். எத்தனையோ பேட்ச் தட்டித் தட்டித் தேய்ந்த ஸ்விட்ச், அன்றைக்குப் பார்த்துச் சிக்கிக்கொண்டது. காற்றாடி பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

வகுப்பு வேடிக்கை பார்த்தது. பின்னால் யாரோ பேய் வீடு என்றான், இரண்டு மூன்று சிரிப்பு கேட்டது. மர்யம் மட்டும் சிரிக்கவில்லை. கையை எடுத்துப் பார்த்துவிட்டு, விரலிடுக்குகளை இறுக்கிக்கொண்டு மறுபடி பொத்தினாள். காற்றாடி நிற்கவில்லை. அவள் முகம் வாடிப்போனது.

"நான் சரியா மூடலையா டீச்சர்?" என்று கேட்டாள்.

முத்துமாரிக்கு ஒரு கணம் உயிர் வந்தது. தப்பிக்க வழியை அந்தக் குழந்தையே எடுத்துக் கையில் கொடுத்துவிட்டதே. ஆமாம்மா, சரியாக மூடவில்லை, போய் உட்கார் என்று சொன்னால் முடிந்தது. பங்களாவை எடுத்துக் கீழே வைத்துவிட்டுக் கரும்பலகைக்குப் போய்விடலாம். மேடம் அவ்வளவு தூரத்திலிருந்து என்ன கண்டார். மறுபாடம் தேறும், வருஷம் வீணாகாது, அம்மாவுக்கு எதுவும் தெரியவேண்டாம்.

ஆனால் மர்யம் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள், தப்பு அந்தக் கைகளில் எங்கேயோ இருக்கிறது என்பதுபோல. அதைப் பார்த்துக்கொண்டு முத்துமாரியால் அந்தப் பொய்யைச் சொல்ல முடியவில்லை. சொன்னால் இந்தப் பிள்ளை நம்பிவிடும். டீச்சர் சொன்னால் நம்பத்தானே செய்யும்.

"நீ சரியாத்தான் மூடுன, மர்யம். டீச்சர்தான் தப்பு பண்ணிட்டேன்," என்றாள்.

சொன்ன வேகத்திலேயே பங்களாவைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடிப்பக்கத்து டேப்பைப் பிய்த்து, செல்லை வெளியே எடுத்து மேஜைமேல் வைத்தாள். காற்றாடி நின்றது. இதுவரை சுற்றியது இந்தச் செல்லால்தான், வெயிலால் இல்லை என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். கடைசி பெஞ்சைப் பார்க்கும் தைரியம் வரவில்லை.

அப்படியென்றால் மேலே இருக்கிற தகடு சும்மா டூப்பா என்று ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. முத்துமாரிக்கு அதற்குப் பதில் தெரியாது. அத்தனை பேட்ச்சில் ஒருவர்கூட அதை வெயிலில் வைத்துப் பார்த்ததில்லை. அதையும் அப்படியே சொன்னாள். பாடத்திட்டம் ஏற்கெனவே கவிழ்ந்தாகிவிட்டது, இனி போவதற்கு என்ன இருக்கிறது.

"எனக்கே தெரியாது. வெயில்ல வச்சுப் பாப்போமா? நம்ம பக்கத்துல வெயிலு எங்க வருது, சொல்லுங்க."

அந்தக் கேள்விக்கு இப்படி ஒரு கூச்சல் கிளம்பும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. எங்கள் வீட்டுத் தகரத்தில் மத்தியானம் கால் வைக்க முடியாது என்றது ஒன்று. அப்பளம் காயப்போடும் கூடைகள் இருக்கிற மைதானத்தில் என்றது இன்னொன்று. கும்பார்வாடாவில் பானை அடுக்கிக் காயவைப்பார்களே அங்கே, எங்கள் சித்தப்பா பட்டறையில் தோல் காயப்போடும் இடத்தில், எங்கள் அம்மா வற்றல் போடும் இடத்தில் என்று ஆளுக்கு ஆள் எழுந்து நின்றார்கள். முத்துமாரி மலைத்துப்போனாள். சூரியனுக்கு வழி தெரியாத ஊர் என்று அவள் இளக்காரம் பண்ணிக்கொண்டிருந்த தாராவி முழுக்க, வெயில் விழும் இடத்தை விரல்நுனியில் வைத்துக்கொண்டு அதை வேலை வாங்கிக்கொண்டல்லவா இருக்கிறது. அவள் வீட்டு இட்லித் துணியும் தினம் சாச்சி கூரையில்தானே காய்கிறது.

மர்யம் அவள் புடவைத் தலைப்பை மெல்லத் தொட்டாள். "படிக்கட்டு திரும்புற எடத்துல வரும் டீச்சர். சாக்ஸ் நனைஞ்சா நான் அங்கதான் காயப்போடுவேன்."

வகுப்பை வெளியே கூட்டிப்போக அனுமதி வேண்டும். முத்துமாரி முதல் தடவையாகக் கோமளா மேடத்தைப் பார்த்தாள். அவர் பேனாவை மூடிவிட்டு எழுந்து நின்றார். அதையே அனுமதி என்று எடுத்துக்கொண்டு, மர்யம் முன்னால் நடக்க, வகுப்பு மொத்தமும் பங்களாவைச் சூழ்ந்துகொண்டு ஊர்வலமாகப் படியேறியது.

மர்யம் சொன்னது பொய்யில்லை. படிக்கட்டு திரும்பும் இடத்தில், கிராதிச் சன்னல் வழியே ஒரு பாய் அகலத்துக்குப் பளீரென்று வெயில் விழுந்து கிடந்தது. முத்துமாரி பங்களாவை அதன் நடுவில் வைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காற்றாடி அசையவில்லை. தகட்டைச் சாய்த்துப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள். அசையவில்லை. அவ்வளவுதான், கதை முடிந்தது என்று அவளுக்குத் தோன்றியது. இன்னொரு வருஷம். சந்தில் இன்னொரு வருஷம் அந்தப் பேரைக் காதில் வாங்கிக்கொண்டு நடமாடவேண்டும்.

அப்போது பிள்ளைகளை விலக்கிக்கொண்டு ஒருத்தி வந்து எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். ஜாக்குலின். குறிப்புத்தாளைப் படியிலேயே போட்டுவிட்டு வந்திருந்தாள்.

"செல் வச்சவங்க பேனல் ஒயர வெட்டி விட்டுட்டாங்க, பாரு," என்று தகட்டுக்கு அடியில் தொங்கிய இரண்டு மொட்டை ஒயர்களைக் காட்டினாள். "நீ அந்தப் பக்கத்தைப் பிடி."

எழுந்து வரக்கூடாது என்ற விதி முத்துமாரிக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். மாடியைப் பற்றி முத்துமாரி அன்றைக்குச் சொன்ன வார்த்தையை ஜாக்குலின் மறந்திருக்கவும் மாட்டாள். இருந்தும் ஒயரின் நுனியைப் பல்லால் கடித்து உரித்து, காற்றாடி மோட்டாரின் ஒயரோடு சேர்த்து முறுக்கினாள். கோமளா மேடம் அந்த நேரம் பார்த்துக் கிராதிச் சன்னலுக்கு வெளியே எதையோ வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஒரு குட்டைச் சுவரைத் தவிர ஒன்றும் இல்லை.

காற்றாடி லேசாக நடுங்கியது, அவ்வளவுதான். மர்யம் குனிந்து விரல்நுனியால் இறக்கையை ஒரு தட்டுத் தட்டினாள். அது சுற்ற ஆரம்பித்தது. செல்லில் சுற்றிய வேகம் இல்லை; கொஞ்சம் யோசித்து யோசித்துத்தான் சுற்றியது. ஆனால் மர்யம் இரண்டு கைகளாலும் தகட்டைப் பொத்தியதும் நின்றது. கையை எடுத்ததும், இன்னொரு தட்டு, மறுபடி சுற்றியது. அவள் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்ட பார்வையில் இப்போது ஒரு கர்வம் இருந்தது. பிறகு எல்லோரும் பொத்திப் பார்க்கவேண்டும் என்று தள்ளுமுள்ளு. வேர்த்து ஒழுகிக்கொண்டு அவர்களை வரிசையில் நிறுத்தும்போதே மணி அடித்துவிட்டது. முத்துமாரிக்குக் கண் கலங்கியிருந்தது, அதைத் துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

பிள்ளைகள் போனபிறகு கோமளா மேடம் பக்கத்தில் வந்தார். பாடத்தில் பாதி பாக்கி. கரும்பலகைச் சுருக்கம் எழுதவில்லை, மதிப்பீட்டுக் கேள்வி கேட்கவில்லை. முத்துமாரி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"அந்த செல்லை இங்க குடு. இனிமே அது என்கிட்டயே இருக்கட்டும்," என்று கையை நீட்டினார் மேடம். வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். "நீ பிளான்ல எழுதினதுல பாதிகூட எடுக்கலை. ஆனா எடுத்தத அந்தக் கொழந்தைகள் மறக்க மாட்டா. மறுபாடம் தேறியாச்சு, போ."

மாஹிம் ஸ்டேஷன் வரைக்கும் முத்துமாரி ஜாக்குலினோடு நடந்து போனாள். போகும் வழியில் அன்றைக்குப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டாள். நீ வராவிட்டால் என் கதி என்ன ஆகியிருக்கும் என்று தெரியுமா, உன் மார்க்கையும் பார்க்காமல் வந்தாயே என்றாள். ஜாக்குலின் சிரித்தாள். தேவ்நார் பள்ளியில் போன மாதம் அவளும் இதே பங்களாவைத்தான் கொண்டுபோனாளாம், அவளும் ஸ்விட்சைத்தான் தட்டினாளாம்.

"எங்க சொசைட்டில லிஃப்டே அதுல ஓடுது. தெரிஞ்சும் செல்லத்தான் நம்புனேன். ஒன்னய மாதிரி எடுத்து வெளியே வைக்க எனக்குத் துணிச்சல் இல்லப்பா," என்றாள். பிறகு, பிரேமலதா அடுத்த வாரம் அதே கேள்விகளோடு மறுபடி வருகிறாளே, இப்போது என்ன டிக் போடுவாய் என்று கேட்டாள்.

முத்துமாரி யோசித்தாள். எல்லா வீட்டுக்கும் ஏற்றது என்பதற்கு இல்லை என்று போடுவேன், எங்கள் சந்தை வந்து பார்த்துவிட்டுக் கேள்வியை மாற்றி எழுதச் சொல்வேன் என்றாள். என்னால் கற்பிக்க முடியும் என்பதற்கு மட்டும் ஆமாம் என்று போடுவாளாம். அதற்கு மேல் பேசவிடாமல் ஜாக்குலினின் வண்டி வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது முப்பிடாதியம்மாள் உளுந்து ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள். முத்துமாரி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் பாடம் சொதப்பியதிலிருந்து இன்றைக்கு நடந்தது வரை ஒன்றுவிடாமல் சொன்னாள். அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "இத்தன நாளா இத நெஞ்சுல வச்சுகிட்டா சோறு தின்ன?" என்று மட்டும் கேட்டு, ஈரக் கையால் அவள் கன்னத்தைத் தடவினாள்.

அப்போது மேலிருந்து குரல் வந்தது. "டீச்சரே, துணி காஞ்சிட்டு."

முப்பிடாதியம்மாள் பழக்கத்தில் எழுந்திருக்கப் போனாள். முத்துமாரி அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"வந்துட்டேன் சாச்சி," என்று மேலே பார்த்துக் குரல் கொடுத்துவிட்டு ஏணியில் ஏறினாள்.

இட்லித் துணிகள் மொடமொடவென்று காய்ந்து சூடாக இருந்தன. மதீனா பீவி மடித்துக் கொடுக்கக் கொடுக்க, முத்துமாரி வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். எத்தனை வருஷமாக இந்த வெயிலைக் கேட்காமலே கொடுத்துக்கொண்டிருக்கிறாள் இந்த மனுஷி. அடுத்த ஆள் வீடு என்று வாய் கூசாமல் சொன்னோமே என்று நினைக்க வெட்கமாக இருந்தது.

"தெனம் எங்களுக்கு வெயிலு குடுக்கியளே சாச்சி, ஒரு நாளாவது ஒங்களுக்கு ஒரு நன்றி சொல்லிருக்கேனா?"

"வெயிலு என்ன எங்க வாப்பா வீட்டுச் சொத்தா?" என்றாள் மதீனா பீவி. "சூடு ஆறுமுன்ன கொண்டு போ, டீச்சரே."

முத்துமாரி துணிச்சூடு நெஞ்சில் படப் படப் பார்த்துப் பார்த்து இறங்கினாள். கீழே டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது.